மார்க் வச்சு செக்ஷன் பிரிக்கறது சரியா?

ஈரோடு அப்பா:
பொண்ணு பத்தாவதுங்க. காலாண்டு மார்க் வந்ததும் செக்ஷனையே மாத்திட்டாங்க, நல்லா எடுத்தவங்க ஏ, சுமாரா எடுத்தவங்க பி, மத்தவங்க சி. இவ ஏ-ல இருந்து சி-க்குப் போயிட்டா. அதுலருந்து சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, பழைய ஃப்ரெண்ட்ஸ் கூப்பிட்டாலும் வெளிய வர்றதில்ல. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் குடுத்த வழிகாட்டுதல்ல மார்க்க வச்சு பேட்ச் பிரிக்கக்கூடாதுன்னு இருக்குங்க, விசாகப்பட்டினத்துல நீட் கோச்சிங் படிச்ச ஒரு பொண்ணு இறந்த கேஸ்ல வந்த தீர்ப்பு, ஸ்கூல் காலேஜ் கோச்சிங் ஹாஸ்டல் எல்லாத்துக்கும் சேர்த்துதான். ஸ்கூல்ல கேட்டா உங்க பொண்ணு நல்லதுக்குத்தான்ங்கறாங்க.

தஞ்சாவூர் டீச்சர்:
சார், நான் கணக்கு டீச்சர். கோர்ட்டும் முடிஞ்ச வரைக்கும் தவிர்க்கணும்னுதான் சொல்லிருக்கு, அதையும் சேர்த்துப் படிங்க. ஒரே கிளாஸ்ல ஒருத்தன் டிரிக்னாமெட்ரி போட்டுட்டு அடுத்தது என்னன்னு நிக்கறான், இன்னொருத்தனுக்கு பின்னம் கூட்டவே வரல. எல்லாரையும் ஒண்ணா உட்கார வச்சா அந்த ரெண்டாவது பையன் வருஷம் பூரா வாயே திறக்க மாட்டான். தனியா வச்சா கேள்வி கேக்கறான், நான் பாக்கறேன்ல.

சைக்காலஜி மாணவி, மதுரை:
மேடம், கணக்குக்கு மட்டும் சாயங்காலம் தனியா எடுங்க, யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா கணக்கு வரலங்கறதுக்காக தமிழ் பீரியடுலயும் பி.டி. பீரியடுலயும் ஏன் அவன் சி-யாவே இருக்கணும்? 2017ல தமிழ்நாட்டுல பத்தாவது, ப்ளஸ் டூ ரேங்க் அறிவிக்கறதையே அரசாங்கம் நிறுத்திடுச்சு, புள்ளைங்கள ஒப்பிட்டு நசுக்க வேணாம்னுதான். ஸ்கூல்காரங்க செக்ஷன்ங்கற பேர்ல அதையே வகுப்புக்குள்ள கொண்டு வர்றாங்க.

சேலம் குமார்:
நாங்கல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம், ஒண்ணும் ஆகல. நாளைக்கு வேலைக்குப் போனா மேனேஜர் தட்டிக்கொடுத்துக்கிட்டு இருப்பாரா? சின்ன வயசுலயே தோல்வியப் பழகட்டும். இப்ப எதுக்கெடுத்தாலும் கவுன்சலிங், டாக்டர்னு புள்ளைங்கள தொட்டாச்சிணுங்கி ஆக்கி வச்சிருக்காங்க.

சைக்காலஜி மாணவி, மதுரை:
குமார் அண்ணா, மனநலப் பிரச்சினைல மூணுல ஒரு பங்கு 14 வயசுக்குள்ளயே, பாதி 18 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிடுதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஒரு பரீட்சைல ஃபெயில் ஆகறது தோல்வி, அதுலருந்து எழுந்து வரலாம், வருஷம் முழுக்க நீ சி-ன்னு தினமும் அட்டெண்டன்ஸ்ல கேக்கறது அப்படி இல்ல. உங்களுக்கு ஒண்ணும் ஆகல, சந்தோஷம். உங்ககூடப் படிச்சு பாதில நின்னவங்க இங்க வந்து எழுத மாட்டாங்கண்ணா.

விழுப்புரம் தம்பி:
நான் சி செக்ஷன்ல படிச்சவன். மார்க்க விட மோசம் என்னன்னா வாத்தியார் உள்ள வரும்போதே இவனுங்களுக்கு எதுக்குன்னு ஒரு முகம் வச்சிருப்பாரு, அத பாத்து பாத்து நாங்களே எங்கள அப்படித்தான் நெனச்சோம். 100 பேரோ அதுக்கு மேலயோ படிச்சா தகுதியான கவுன்சலரோ சைக்காலஜிஸ்டோ சமூகப் பணியாளரோ ஒருத்தராவது வேணும்னு அதே தீர்ப்புல இருக்கு, எங்க ஸ்கூல்ல பி.டி. சார்தான் கவுன்சலர், அவர்கிட்ட போய் யார் அழுவாங்க?

சைக்காலஜி மாணவி, மதுரை:
ஈரோடு சார், செக்ஷன் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், சாப்பாடும் தூக்கமும் ரெண்டும் போயிருக்குன்னா தள்ளிப் போடாதீங்க. 14416, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநல ஓ.பி.யும் இருக்கு. எப்பவாவது வாழவே பிடிக்கலங்கற மாதிரி பேசினா அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க, தனியா விடாதீங்க. மார்க்கப் பத்தி இப்போதைக்கு வீட்ல யாரும் பேச வேணாம்.

ஈரோடு அப்பா:
நன்றிம்மா. நைட்டே கூப்பிடறேனுங்க. சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங்ல செக்ஷனப் பத்தியும் கேக்கறேன்.

தஞ்சாவூர் டீச்சர்:
கேளுங்க சார். ஆனா சி-ய மூடுங்கன்னு கேட்டா நான் இன்னும் ஒத்துக்க மாட்டேன். சி-க்கு யார் பாடம் எடுக்கறாங்கன்னு கேளுங்க. அனுபவமுள்ள டீச்சர ஏ-க்குப் போட்டுட்டு புதுசா வந்தவங்கள சி-க்கு அனுப்பறது பல ஸ்கூல்ல நடக்குது, மொதல்ல அது மாறணும்.