தளம் மாலையானா 508 காட்டுது. ஷேர்ட் ஹோஸ்டிங்கை விட்டு மாறணுமா? அவசரம்

தாழ்வாரம் | திங்கள், இரவு 8.14

வணக்கம் நண்பர்களே. எங்க வாசிப்பு வட்டத்தோட தளம் நாலு நாளா மாலை ஏழு மணிக்கு மேல படுத்துடுது. 508னு ஒரு பிழை எண் வருது. நாங்க இருக்கிறது ஷேர்ட் ஹோஸ்டிங், அதாவது ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துக்கிறது. காலையில எந்தப் பிரச்சினையும் இல்லை. ஹோஸ்டிங்காரங்ககிட்ட கேட்டா, "உங்க தளம் வளர்ந்துடுச்சு, விபிஎஸ்ஸுக்கு மாறுங்க"ன்னு ஒரே வரியில பதில் (நாமளே நிர்வகிக்கிற தனி மெய்நிகர் சர்வராம்). ஒரு நாளைக்கு நூறு பேர் வந்தாலே பெரிசு, இதுல என்ன வளர்ச்சி? அதே சர்வர்ல இருக்கிற வேற ஏதோ தளம் எல்லாத்தையும் உறிஞ்சுதுன்னு நினைக்கிறேன். வியாழக்கிழமை, கூட்டத்துக்கான பெயர்ப்பதிவைத் திறக்கணும். ஷேர்ட் ஹோஸ்டிங்ல என்ன லாபம், என்ன நஷ்டம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. இருக்கலாமா, கிளம்பணுமா?

நள்ளிரவு நிரலர் | 8.21

தளத்தை நடத்துற மென்பொருள் எது? வேர்ட்பிரஸ்ஸா? எத்தனை பிளகின் (கூடுதல் செருகுநிரல்)? பக்கத்தைக் கட்டுற பிஎச்பி மொழி எந்தப் பதிப்பு? 508க்குக் கீழே ஒரு வரி இருக்குமே, அதை அப்படியே போடுங்க. எங்கே வலிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் மருந்து சொல்ல முடியும்.

ஈரமண் | 8.26

நீங்க நினைக்கிறது சரிதான், பக்கத்து வீட்டுத் தொல்லைதான் இது. நானும் பட்டிருக்கேன். ஒரே சர்வர்ல இருந்த ஒரு கடையோட தளத்துல தள்ளுபடி நாள் அன்னைக்கு, என் வலைப்பூ திறக்கவே முக்கால் நிமிஷம் ஆச்சு. உங்க ஐபி முகவரியைப் போட்டுத் தேடிப் பாருங்க, அதே ஐபியில எத்தனை தளம் உட்கார்ந்திருக்குன்னு தெரியும். நூத்துக்கணக்குல வந்தா ஆச்சரியப்படாதீங்க. ஹோஸ்டிங்காரங்ககிட்ட வேற சர்வருக்கு மாத்தித் தரச் சொல்லுங்க.

ரூட்_அனுமதி | 8.33

இந்தக் கேள்வி மாசத்துக்கு ரெண்டு தடவை வருது. கேட்கிறதுக்கு முன்னாடி தேடிப் பார்க்கிற வழக்கமே யாருக்கும் இல்லை.

508ங்கிறது உங்க கணக்குக்கு விதிச்ச வரம்பு. ஷேர்ட் சர்வர்களுக்கான கிளவுட்லினக்ஸ் இயங்குதளம் 2010ல வந்ததுல இருந்து ஒவ்வொரு கணக்கும் தனித்தனிக் கூண்டு: இவ்வளவு சிபியு, இவ்வளவு நினைவகம், ஒரே நேரத்துல இத்தனை பிஎச்பின்னு. அதை நீங்க தொட்டாத்தான் 508. பக்கத்துத் தளம் சாப்பிட்டா உங்களுக்கு 508 வராது, எல்லாரோட தளமும் மெதுவாகும், அவ்வளவுதான். ஈரமண் சொல்றது பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின கதை.

அடிப்படையைக் கத்துக்காம தளம் நடத்தினா இப்படித்தான் ஆகும். விபிஎஸ் எடுங்க, லினக்ஸ் கத்துக்கோங்க. ஷேர்ட் ஹோஸ்டிங் பொறுப்பா தளம் நடத்துறவங்களுக்கு இல்லை.

தாழ்வாரம் | 8.47

மன்னிக்கணும், அவசரத்துல எல்லாத்தையும் விட்டுட்டேன். வேர்ட்பிரஸ்தான். பிளகின் 14. பிஎச்பி 8.1. கீழே இருக்கிற வரி: "ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு". கேஷ் பிளகின் (ஒரு தடவை கட்டின பக்கத்தைச் சேமிச்சு வெச்சு மறுபடி தர்றது) போட்டிருக்கேன், அதனால வேகத்துக்குக் குறைவிருக்கக் கூடாது. வட்டத்துல தொழில்நுட்பம் தெரிஞ்ச ஆள் நான் மட்டும்தான், எனக்கும் இவ்வளவுதான் தெரியும்.

நள்ளிரவு நிரலர் | 8.55

வேர்ட்பிரஸ்னா முதல்ல டபிள்யூபி-கிரானைப் பாருங்க, நேரம் வெச்ச வேலைகளை ஓட்டுற பகுதி அது. யாராவது பக்கத்தைத் திறக்கும்போதுதான் அது வேலை செய்யும். கூட்டம் வர்ற நேரத்துல அதுவும் சேர்ந்து ஓடும். கான்ஃபிக் கோப்புல அதை அணைச்சுட்டு, சிபேனல்ல (ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பக்கம்) கிரான் ஜாப் போட்டு 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட விடுங்க. அடுத்தது எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, வெளியில இருந்து வேர்ட்பிரஸ்ஸை இயக்குற வழி. கடவுச்சொல்லை மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்கிற பாட்கள் (தானா இயங்குற நிரல்கள்) அந்த வழியாத்தான் தட்டும். அதை மூடுங்க. பத்துல எட்டு தளத்துக்கு இதுவே போதும்.

தறி | 9.02

தாழ்வாரம், எதையும் இப்போ மாத்தாதீங்க. ஒரே ராத்திரியில நாலு இடத்துல கை வெச்சா எது சரிப்படுத்திச்சுன்னு தெரியாமப் போயிடும். முதல்ல சிபேனல்ல ரிசோர்ஸ் யூசேஜ் பக்கத்தைத் திறங்க. அதுல சிபியு, நினைவகம், ஐஓ (வன்தட்டுல படிக்கிற, எழுதுற வேகம்), என்ட்ரி பிராசஸ் (ஒரே நேரத்துல ஓடுற பிஎச்பி எண்ணிக்கை)னு வரிசையா வரைபடம் இருக்கும். மாலையில எந்தக் கோடு உச்சியைத் தொடுதுன்னு பார்த்துச் சொல்லுங்க. அந்த ஒரு விஷயம் போதும்.

ஈரமண் | 9.06

ரூட்_அனுமதி, கூண்டு இருக்குன்னு சொல்றீங்க, சரி. எல்லா நிறுவனமும் அதைப் போடுதா? வன்தட்டு, நெட்வொர்க், ஐபி எல்லாம் பொதுதானே? என் ஐபியில இருந்து எவனோ ஸ்பாம் அனுப்பினான், நான் போட்ட மெயில் பூரா தடைப்பட்டியல்ல மாட்டுச்சு. அதுவும் பக்கத்து வீட்டுத் தொல்லைதானே?

ரூட்_அனுமதி | 9.11

அதைத்தான் நானும் சொல்றேன். உங்க ஐபி உங்க கையில இல்லை. ரெடிஸ் (தரவை நினைவகத்துலயே வெச்சு வேகமாத் தர்ற மென்பொருள்) வேணும்னா பெரும்பாலும் கிடையாது. டேட்டாபேஸ் அமைப்பைத் தொட முடியாது. பிஎச்பிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போடவும் அவங்க தயவு வேணும். விளம்பரத்துல "அளவில்லாத இடம்"னு போட்டுட்டு, நிபந்தனையில சின்ன எழுத்துல கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு வெப்பாங்க. இதை ஹோஸ்டிங்னு சொல்லிக்கிட்டு காசு வாங்குறாங்க.

பழைய கம்பி | 9.24

தம்பி ரூட், நீங்க சொன்ன குறை எல்லாம் உண்மை. ஆனா மறுபக்கத்தையும் சொல்லணும். நான் ஷேர்ட் ஹோஸ்டிங் நடத்துற பக்கத்துல வேலை பார்த்தவன்.

ஒரு ஐபியில நூறு தளம் உட்கார முடிஞ்சதே எச்டிடிபி 1.1 (பிரவுசரும் சர்வரும் பேசுற முறை) வந்ததுக்கு அப்புறம்தான். கேட்கிற பிரவுசர் "எனக்கு இந்தத் தளம் வேணும்"னு பேரைச் சேர்த்து அனுப்புது. தளத்துக்குப் பூட்டுப் போடுற எஸ்எஸ்எல்லுக்கு அந்த வசதி ரொம்ப நாள் கிடையாது, பூட்டு வேணும்னா தனி ஐபி வாங்கணும். அங்கேயும் பேரைச் சேர்த்து அனுப்புற எஸ்என்ஐ பரவினதும் அந்தச் செலவு போச்சு. லெட்ஸ் என்கிரிப்ட் சேவை வந்ததும் பூட்டுக்கான சான்றிதழே இலவசம், காலாவதி ஆகுறதுக்கு முன்னாடி தானா புதுப்பிச்சுக்கும். இது எல்லாத்தையும் செய்து வெச்சிருக்கிறது யாரு? நீங்க குறை சொல்ற அந்த ஷேர்ட் ஹோஸ்டிங் நிர்வாகிதான். கெர்னல்ல (இயங்குதளத்தோட மையப் பகுதி) ஓட்டைன்னு சேதி வந்தா ராத்திரி முழிச்சு அடைக்கிறது அவர். தட்டு செத்தா மாத்துறது அவர்.

விபிஎஸ் எடுத்தா அந்த ராத்திரி உங்களோடது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் ஆசையா எடுத்தார். எட்டு மாசம் ஒரு அப்டேட் கூடப் போடலை. ஒரு நாள் தளம் ஏன் திணறுதுன்னு பார்த்தா, அவர் சர்வர்ல வேற யாரோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கிட்டு இருந்தாங்க. பேக்கப் எங்கேன்னு கேட்டேன். அதே சர்வர்ல வெச்சிருந்தார். வாசிப்பு வட்டம் நடத்துற ஒருத்தர் தலையில இதைக் கட்டுறது நியாயமில்லை.

ரூட்_அனுமதி | 9.31

அப்டேட் போடாதவர் தப்பு அது சார், விபிஎஸ் தப்பு இல்லை. தானா அப்டேட் ஆகுற மாதிரி வெக்க ரெண்டு நிமிஷம் போதும்.

பழைய கம்பி | 9.38

உங்களுக்கு ரெண்டு நிமிஷம். 1 ஜிபி நினைவகத்துல வெப் சர்வர், பிஎச்பி, மைசீக்வல் டேட்டாபேஸ் மூணையும் ஓட்டிப் பாருங்க. கூட்டம் வந்து நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் பெரும்பாலும் முதல்ல கொல்றது மைசீக்வலைத்தான். "டேட்டாபேஸ் இணைப்பில் பிழை"ன்னு வெள்ளைப் பக்கம் நிக்கும். அதை ராத்திரி பத்து மணிக்கு யார் எழுப்புறது?

தாழ்வாரம் | 9.52

தறி, பார்த்தேன். சிபியு 40 சதவீதத்தைத் தாண்டலை. நினைவகமும் பாதிதான். என்ட்ரி பிராசஸ்தான் 20க்கு 20, ஏழு மணியில இருந்து கோடு மேலேயே ஒட்டிக்கிட்டு நிக்குது. பகல்ல பார்த்தாலும் 8, 9னு இருக்கு, யாருமே வராத அதிகாலை மூணு மணிக்குக்கூட. ஏழு மணிக்கு மேல ஐஓவும் நொடிக்கு 1 எம்பிங்கிற வரம்பைத் தொட்டுக்கிட்டே இருக்கு.

போன வாரம் ஒரு மெயிலும் வந்தது. கோப்பு எண்ணிக்கை 2,31,000, வரம்பு 2,50,000னு. அது வேற விஷயம்னு விட்டுட்டேன்.

தறி | 9.58

அது வேற விஷயமில்லை, அதுதான் விஷயம். வேர்ட்பிரஸ்ஸோட சொந்தக் கோப்பு சில ஆயிரம்தான். 14 பிளகின், படங்கள் எல்லாம் சேர்த்தாலும் ரெண்டு லட்சம் வராது. ஃபைல் மேனேஜர்ல கேஷ் ஃபோல்டரைத் திறந்து, உள்ளே எந்தப் பேர்ல ஃபோல்டர் குவிஞ்சிருக்குன்னு பாருங்க. அப்புறம் ரா ஆக்சஸ் லாக் (யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாங்கங்கிற குறிப்பு) இறக்கி, அதிகாலை மூணு மணி வரிகள்ல எந்த முகவரியைக் கேட்டிருக்காங்கன்னு பத்து வரி மட்டும் படிங்க. பேக்கப் எத்தனை மணிக்கு ஓடுது?

நள்ளிரவு நிரலர் | 10.01

எக்ஸ்எம்எல்-ஆர்பிசியாத்தான் இருக்கும், பாருங்க.

தாழ்வாரம் | 10.29

பேக்கப் பிளகின் தினமும் மாலை ஏழுக்கு. நான்தான் வெச்சேன், எல்லாரும் சாப்பிடப் போற நேரம்னு.

கேஷ் ஃபோல்டர்ல மட்டும் 1,86,000 கோப்பு. எல்லாம் "நிகழ்வுகள்"ங்கிற பேருக்குக் கீழே. உள்ளே போனா 2071-08, 2071-09, 2071-10னு மாசம் மாசமா. எங்க வட்டம் இதுவரைக்கும் 31 கூட்டம்தான் நடத்தியிருக்கு. லாக்லயும் அதே கதை. ஒரே பாட் நொடிக்கு ஒண்ணு, சில சமயம் ரெண்டு பக்கம் கேட்குது: 2071 ஆகஸ்ட் 14, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 16. அடுத்து அந்த வாரம், அடுத்து அந்த மாசம். பார்க்கவே பயமா இருக்கு. ஹேக் பண்ணிட்டாங்களா?

தறி | 10.44

ஹேக் இல்லை, பயப்படாதீங்க. உங்க நாட்காட்டி பிளகின்ல "அடுத்த மாதம்"னு ஒரு இணைப்பு இருக்கு. மனுஷன் ரெண்டு தடவை அழுத்திட்டு விட்டுடுவான். பாட் விடாது. அடுத்த மாசத்துக்குள்ள அதுக்கு அடுத்த மாசம் இருக்கு, முடிவே இல்லாம போய்க்கிட்டே இருக்கும்.

கேஷ் ஏன் காப்பாத்தலைன்னா, ஒரே பக்கத்தை ரெண்டாவது தடவை கேட்டாத்தான் அது உதவும். இந்த பாட் ஒரே பக்கத்தை ரெண்டு தடவை கேட்கிறதே இல்லை. ஒவ்வொண்ணுக்கும் பிஎச்பி புதுசா ஓடி, பக்கத்தைக் கட்டி, கேஷ்ல ஒரு ஃபோல்டர், ஒரு சாதாரணக் கோப்பு, ஒரு சுருக்கின கோப்புன்னு மூணு வெச்சுட்டுப் போகுது. அப்படித்தான் லட்சம் தாண்டிச்சு.

மாலை ஏழுக்கு பேக்கப் தொடங்கினதும் அந்தக் குட்டிக் கோப்பு ஒவ்வொண்ணையும் தொட்டுப் படிக்குது. ஐஓ வரம்பு நிரம்புது. தட்டுல இருந்து படிக்க முடியாம மத்த பிஎச்பி எல்லாம் வரிசையில நிக்குது. 20ங்கிறது 20 வாசகர் இல்லை, அதே நொடியில ஓடிக்கிட்டிருக்கிற 20 பிஎச்பி. ஒரு பக்கம் அரை நொடியில முடிஞ்சா 20 இடத்துல நொடிக்கு 40 பக்கம் கொடுக்கலாம். அதே பக்கம் 15 நொடி இழுத்தா நொடிக்கு ஒண்ணரைகூடத் தேறாது. அந்த ஒண்ணையும் பாட் எடுத்துக்கும். உங்க வாசகருக்கு 508.

செய்ய வேண்டியது, இந்த வரிசையிலேயே: நாட்காட்டி அமைப்புல முன்னும் பின்னும் எத்தனை மாசம் காட்டணும்னு வரம்பு இருக்கும், 12 வைங்க. எச்டிஆக்சஸ் கோப்புல (வெப் சர்வருக்கான கட்டளைக் கோப்பு) அதுக்கு வெளியே இருக்கிற ஆண்டுகளுக்கு 403 (அனுமதி இல்லை) திருப்பி அனுப்புங்க. அது வெப் சர்வரே கொடுக்கிற பதில், பிஎச்பி எழுந்திருக்காது. பாட்கள் எங்கே வரக் கூடாதுன்னு சொல்ற ரோபோட்ஸ் கோப்புலயும் ஒரு வரி சேருங்க, ஆனா மரியாதை தெரிஞ்ச பாட் மட்டும்தான் அதைக் கேட்கும், கேட்கிறதுக்கும் ஒரு நாள் வரைக்கும் ஆகலாம். பிறகு கேஷைக் காலி செய்யுங்க. பேக்கப்ல கேஷ் ஃபோல்டரை விலக்கி, அதிகாலைக்கு மாத்துங்க, கோப்பை வேற இடத்துல சேமியுங்க.

ரூட்_அனுமதி | 10.51

விபிஎஸ்ல இந்த 20ங்கிற வரம்பே கிடையாது. இவ்வளவு மண்டையை உடைச்சிருக்க வேண்டாம்.

தறி | 10.57

வரம்பு இல்லைன்னா அந்த பாட் 2071ல நிக்காது, 2171க்குப் போகும். தட்டு நிரம்புற வரைக்கும் யாருக்கும் தெரியாது. இங்கே அந்த 20தான் ஒரு வாரத்துல காட்டிக் கொடுத்துச்சு. வீடு மாறினா அந்த பாட் நிரலும் கூடவே வரும், இணைப்பு உங்க தளத்துல இருக்கிற வரைக்கும்.

மாற வேண்டிய நாள் வரலாம். கட்டணம் வாங்கி ஏதாவது விக்கத் தொடங்கினா, உள்நுழைஞ்ச பயனர்கள் நூத்துக்கணக்குல ஒரே நேரத்துல வந்தா, கேஷ் உதவாது, அப்போ இந்த 20 நிஜமாவே பத்தாது. அன்னைக்கு நானே கிளம்பச் சொல்றேன். இன்னைக்கு இல்லை.

பழைய கம்பி | 11.05

அந்த ஹோஸ்டிங்காரங்க மேல எனக்கு வருத்தம். இந்த வரைபடம் அவங்க திரையிலயும் இருக்கு. லாக்கைத் திறந்து பத்து வரி பார்த்திருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருக்கலாம். ஷேர்ட் ஹோஸ்டிங்ல நாம காசு கொடுக்கிறதே அந்த ரெண்டு நிமிஷத்துக்குத்தான்.

ஈரமண் | 11.12

பக்கத்து வீடுன்னு நான் சொன்னது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா தாழ்வாரம், பதிவு செய்றவங்களுக்கு உறுதி மெயில் போகுதா? சர்வரோட சொந்த மெயில் வழியா அனுப்புனா பொது ஐபி உங்களைக் காட்டிக் கொடுத்துடும். வியாழனுக்கு முன்னாடி ஒரு தடவை உங்களுக்கே அனுப்பிப் பாருங்க.

நள்ளிரவு நிரலர் | செவ்வாய், காலை 7.40

என்ன ஆச்சு தாழ்வாரம்? எக்ஸ்எம்எல்-ஆர்பிசியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.

தறி | புதன், இரவு 9.15

நேத்து மாலையும் இன்னைக்கு மாலையும் எப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி போடுங்க.

தாழ்வாரம் | வியாழன், இரவு 10.03

தாமதத்துக்கு மன்னிக்கணும். தறி சொன்ன வரிசையிலேயே செய்தேன். கோப்பு 45,000க்கு இறங்கிடுச்சு. ஏழு மணிக்கு என்ட்ரி பிராசஸ் 2, 3தான். 508 வரலை. பதிவு திறந்து 38 பேர் சேர்ந்தாச்சு. ஆனா ஈரமண் சொன்ன மாதிரியே உறுதி மெயில் பாதிப் பேருக்கு ஸ்பாம்ல போய் விழுது. எல்லாருக்கும் நன்றி.

ஈரமண் | 10.09

எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் நிஜமாவே உங்க தளத்தோடதுன்னு காட்டுற குறிப்புகள்) ரெண்டும் உங்க டொமைனோட டிஎன்எஸ்ல இருக்கா? மெயிலுக்கு வெளிச் சேவையோட எஸ்எம்டிபி (மெயில் அனுப்புற வழி) போட்டீங்களா, இல்லை இன்னும் சர்வர் வழியாத்தானா?

ஈரமண் | சனி, காலை 11.20

தாழ்வாரம்?