மகளின் டென்னிஸ் பயிற்சிக்கு அகாடமி: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரியில் வசிக்கிறோம். ஒன்பது வயதாகும் என் மகள் இரண்டு ஆண்டுகளாக உள்ளூரில் டென்னிஸ் பழகி வருகிறாள். இனி முறையான அகாடமி ஒன்றில் அவளைச் சேர்க்க விரும்புகிறோம்.

ஓசூர் ஏறத்தாழ 50 கி.மீ., பெங்களூரு 90 கி.மீ. என்பதால், பள்ளி விட்டபின் தினமும் பெங்களூரு சென்று திரும்புவது நடவாத காரியம். வார நாள்களில் ஓசூரிலும் சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலும் என இரு பயிற்றுநர்களிடம் அனுப்பினால், மட்டையைப் பிடிக்கும் முறையிலேயே குழப்பம் வந்துவிடுமோ என்று தயங்குகிறோம்.

சென்ற மாதம் பார்த்த ஓர் அகாடமியில், ஒரே களத்தில் பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவள் பந்தை அடித்ததைவிடப் பொறுக்கியதே அதிகம். பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்து கூடாதென்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012-இலேயே விதி வகுத்திருந்தும், வேகம் குறைந்த ஆரஞ்சு, பச்சைப் பந்துகள் அங்கே கண்ணில் படவே இல்லை. கட்டணத்தில் மட்டும் குறைவில்லை.

பிள்ளைகளை இப்பாதையில் அனுப்பியிருக்கும் பெற்றோர் மூன்று விஷயங்களைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள் வரை இருக்கலாம்? இந்த வயதில் மண் களம் நல்லதா, கடினத் தளமா? அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் 12 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளுக்கு எப்போது பெயர் கொடுக்கத் தொடங்கலாம்? ஓசூரிலோ சேலத்திலோ நேரில் பார்த்து நிறைவளித்த இடம் இருந்தால் அவசியம் குறிப்பிடுங்கள்.