வீட்டு கெக் ஃப்ரிட்ஜ்: கிளாஸ் முழுக்க நுரைதான் வருது, எங்கே தப்பு?

மாடிவீடு:
வணக்கம். பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ் ஒண்ணுக்கு மேல டவர் (பீர் குழாய் நிக்கற தூண்) வெச்சு, ஒத்தைக் குழாய் மாட்டி மூணு வாரம் ஆச்சு. 19 லிட்டர் கெக் (பீர் பீப்பாய்), கரியமில வாயு சிலிண்டரும் உள்ளேயேதான் நிக்குது. வாயு பிரஷரைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர்ல 12 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு). லைன் (கெக்ல இருந்து குழாய்க்குப் பீர் போற ட்யூப்) டவரோட சேர்ந்து வந்தது, ஒன்றரை மீட்டர் இருக்கும். முதல் கிளாஸ்ல முக்கால்வாசி நுரை. ரெண்டாவது கொஞ்சம் பரவாயில்லை. நுரை அடங்கினதும் குடிச்சா பீர் சப்புன்னு இருக்கு. உள்ளே தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டுது. பிரஷரை 6-க்கு இறக்கினேன். அன்னிக்கு சாயங்காலம் நல்லா வந்துச்சு, மறுநாள் முன்னைவிட மோசம். லைன்ல அங்கங்கே குமிழி கட்டி நிக்குது.

ஈரக்காற்று:
குழாயைப் பாதி திறந்து ஊத்துறீங்களா? அப்படிச் செஞ்சா அந்தச் சின்ன இடுக்குல பீர் பீச்சியடிச்சு நுரையாயிடும். கிளாஸை 45 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சு, கைப்பிடியை ஒரே இழுப்புல முழுசா திறங்க.

பித்தளைத்திருகு:
ஈரக்காற்று சொன்னது சரி, ஆனா இங்கே வியாதி வேற. முதல்ல ரெகுலேட்டரைப் பழையபடி 12-க்கு ஏத்துங்க. நுரை வந்தா பிரஷரைக் குறைக்கணும்னுதான் எல்லாருக்கும் தோணும். நானும் முதல் ஆறு மாசம் அதைத்தான் பண்ணினேன், ரெண்டு கெக் முழுசா பாழாப் போச்சு.

பீருக்குள்ள வாயுவைப் பிடிச்சு வெச்சிருக்கறது குளிரும் பிரஷரும் சேர்ந்துதான். 3 டிகிரி குளிர்ல 11, 12 பிஎஸ்ஐ இருந்தா ஒரு லிட்டர் பீர்ல ஏறக்குறைய ரெண்டரை லிட்டர் வாயு கரைஞ்சு நிக்கும். நீங்க 6-க்கு இறக்கினதும் அவ்வளவு வாயுவுக்கு உள்ளே இடமில்லை. அது லைன்லயே பிரிஞ்சு குமிழியாகுது. குழாயைத் திறந்ததும் அந்தக் குமிழிதான் பீரை முட்டித் தள்ளி நுரையாக்குது. வாயு நுரையோட போயிடறதால மிஞ்சின பீர் சப்புன்னு ஆகுது.

அடுத்து அந்த 3 டிகிரியை நம்பாதீங்க, அது காத்தோட சூடு. முதல் கிளாஸ் ஊத்தின கையோட அதுலேயே தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்க, ரெண்டாவதுலயும் பாருங்க. என் வீட்டுல ஃப்ரிட்ஜுக்குள்ள 3, முதல் கிளாஸ்ல 9, ரெண்டாவதுல 5. டவர் மேல கையை வெச்சா அறைச் சூடு அப்படியே இருந்துச்சு. கெக் என்னதான் குளிர்ந்திருந்தாலும், கடைசி அரை மீட்டர் லைன் அந்த வெதுவெதுப்பான குழலுக்குள்ளதானே நிக்குது! முதல் கிளாஸ் மட்டும் ரொம்ப நுரைச்சா, முதல் சந்தேகம் டவர் மேலதான்.

பழைய கம்ப்யூட்டர்ல இருந்து ஒரு 12 வோல்ட் ஃபேனைக் கழட்டி, சின்ன டப்பாவுல பொருத்தினேன். அதுல இருந்து ஒரு ஹோஸை டவரோட உச்சி வரைக்கும் ஏத்தி விட்டேன். கீழே இருக்கற குளிர்காத்து மேல போய்த் திரும்பி இறங்கும். ஒரு மணி நேரத்துல டவரைத் தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. அன்னிக்கு ஊத்தின முதல் கிளாஸை இன்னும் மறக்கலை. ரெண்டு விரல் நுரை, அதுக்குக் கீழே கண்ணாடி மாதிரி பீர்.

உங்க லைனும் குட்டை. 5 மில்லிமீட்டர் உள்விட்டம் இருக்கற லைனா 3 மீட்டர் வாங்கிப் போடுங்க. அந்த நீளம்தான் 12 பிஎஸ்ஐ வேகத்தை இழுத்துப் பிடிக்கும். நீளமா இருந்தா பிறகு வெட்டிக்கலாம், குட்டையா இருந்தா ஒட்டவா முடியும்? புதுக் கெக் வெச்சா ஒரு முழு நாள் குளிரவிடுங்க. தூக்கி வந்த கையோட திறந்தா எந்த லைன் போட்டாலும் நுரைதான்.

சிலிண்டர் உள்ளே இருக்குன்னீங்க. அதை நிமிர்த்தியே வைங்க, சாஞ்சா திரவம் ரெகுலேட்டருக்குள்ள போயிடும். குளிர்ல இருக்கற சிலிண்டரோட மீட்டர் குறைச்சுத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். உள்ளே திரவம் இருக்கற வரைக்கும் முள்ளும் அசையாது. எவ்வளவு மிச்சம்னு தெரிய எடைதான் போடணும், காலி எடையை சிலிண்டர் கழுத்துலயே பொறிச்சிருப்பாங்க. ஒரு தடவை ரெகுலேட்டர் வாஷரைப் போட மறந்துட்டு, நிறைச்ச சிலிண்டர் ராத்திரியோட காலி. அதுல இருந்து எதைக் கழட்டி மாட்டினாலும் சோப்புத்தண்ணி தடவிக் குமிழி வருதான்னு பார்க்காம நகர மாட்டேன். பணம் போறது ஒரு பக்கம். கரியமில வாயு காத்தைவிடக் கனம், வாசனையும் கிடையாது. சின்ன மூடின அறையில கசிஞ்சா உயிருக்கே ஆபத்து.

செம்பருத்தி:
இடையில ஒரு கேள்வி. எனக்கு நுரை பிரச்சினை இல்லை, ஆனா ரெண்டு மாசமா பீர்ல லேசா வெண்ணெய் வாசனை, சில நாள் புளிப்பு. கெக் மாத்தியும் போகலை. லைனைக் கெக் மாத்தும்போது சுடுதண்ணி விட்டு அலசறேன்.

பித்தளைத்திருகு:
கெக் மாத்தியும் போகலைன்னா லைன்லயும் குழாய்லயும் கிருமி குடியேறியிருக்கு. சுடுதண்ணி போதாது. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் லைன் கழுவுற காரக் கரைசலை வெதுவெதுப்பான தண்ணியில கலந்து, சின்ன பம்ப் வெச்சு 15 நிமிஷம் சுத்த விடுங்க. அப்புறம் வழவழப்பு போற வரைக்கும் நல்ல தண்ணி. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மூணு மாசத்துக்கு ஒருமுறை அமிலக் கரைசல், காரத்துக்கு அசையாத பீர்க்கல் (பீர்ல இருந்து படியற கெட்டியான உப்புப் படிவு) அதுலதான் கரையும். ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடாதீங்க, நடுவுல நல்லா அலசுங்க.

குழாயைத் தனியாக் கழட்டிப் பாருங்க. நான் முதல்தடவை கழட்டினப்போ உள்சுவர்ல பழுப்பா ஒரு வழவழ தோல், வாஷருக்கு அடியில கறுப்பு. நகத்தால சுரண்டினா சுருண்டு வந்துச்சு. அது வழியாத்தான் விருந்தாளிகளுக்கு ஊத்திக் கொடுத்திருக்கேன்னு நினைச்சப்போ மனசு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. இப்போ கழுவுற ஒவ்வொரு தடவையும் பிரஷ் விட்டுத் தேய்க்கறேன். உங்க லைன் மஞ்சளடிச்சிருந்தா கழுவாதீங்க, மாத்திடுங்க.

மாடிவீடு:
பத்து நாள் கழிச்சு வர்றேன். முதல்ல அளந்தப்போ முதல் கிளாஸ் 10 டிகிரி, நம்பவே முடியலை. ஃபேன் வெச்சு, 3 மீட்டர் லைன் போட்டு, 12-லயே விட்டுட்டேன். நேத்து முதல் கிளாஸ் 5, ரெண்டாவது 4. நுரை ரெண்டு விரல்தான். ரொம்ப நன்றிங்க. ஆனா ஊத்த கொஞ்சம் நேரமாகுது, ஒரு கிளாஸ் நிறைய 15 விநாடி.

பித்தளைத்திருகு:
ரொம்ப சந்தோஷம். அந்த வேகம் பிடிக்கலைன்னா லைன்ல 15 சென்டிமீட்டர் மட்டும் வெட்டி, ஒரு நாள் விட்டு ஊத்திப் பாருங்க. நுரை ஏறாம இருந்தா இன்னொரு 15. வெட்டுறதுக்கு முன்னாடி கெக்ல இருந்து கப்ளரை (கெக்கையும் லைனையும் இணைக்கற பாகம்) கழட்டிடுங்க, இல்லேன்னா பீர் மொத்தமும் தரையில.