பழைய காரில் ரேஸ் தானாக ஏறிய, புதுச் சத்தம் வந்த அனுபவங்கள்: உங்களுடையதையும் எழுதுங்கள்

எஸ்டீம்2003, மதுரை

என் வண்டி மாருதி எஸ்டீம், கம்ப்யூட்டர் பார்த்துப் பெட்ரோல் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. ரகம். நன்றாகச் சூடான பிறகும் ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆர்.பி.எம். முள் 2000-க்குக் கீழே இறங்காது. கூடவே டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். போன இடத்தில் எல்லாம் இன்ஜினுக்குக் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியைக் கழுவினார்கள், பிளக் மாற்றினார்கள், ஐட்லிங் வால்வு மாற்றினார்கள். கடைசியாகப் பார்த்தவர் "பிஸ்டன் ரிங் போச்சு, இன்ஜினை இறக்கிடலாம்" என்றார். புகையே விடாத வண்டிக்கு ரிங் வேலை எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

அப்புறம் தெப்பக்குளம் பக்கம் ஒரு பெரியவரிடம் போனேன். ஸ்பேனரையே கையில் எடுக்கவில்லை அவர். என்னை உள்ளே உட்காரச் சொல்லி, "பிரேக்கை மிதிங்க, விடுங்க, மறுபடி மிதிங்க" என்றார். ஒவ்வொரு மிதிக்கும் இன்ஜின் சத்தம் மாறியது. கட்டிங் பிளேயரில் துணியைச் சுற்றி, இன்ஜினின் உறிஞ்சலால் கால் அழுத்தத்தைப் பெருக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை நெரித்தார். முள் அப்படியே 900-க்கு விழுந்தது. 'உஸ்ஸ்' சத்தமும் நின்றது.

பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. த்ராட்டிலைத் தாண்டி அந்த வழியாகக் காற்று உள்ளே போகிறது. காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் அழுத்தம் கூடுவதைப் பார்த்த சென்சார் அதற்கேற்ப பெட்ரோலைக் கூட்டச் சொல்கிறது, ரேஸ் ஏறுகிறது. ஐட்லிங் வால்வை எத்தனை முறை மாற்றினாலும் இது இறங்காது.

ஆனால் எனக்கு உறுத்துவது ரேஸ் இல்லை. பூஸ்டர் கிழிந்தால் பிரேக் பெடல் கல்லாக இறுகும். வண்டியை ஓட்டிப் பார்த்த ஒருவர்கூட பெடல் இறுகியிருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த நிலையில் வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை இறங்கி வந்திருக்கிறேன்.

சிட்டி_சேலம்

மதுரைக்காரர் சொல்வது அவர் வண்டிக்குச் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் ஹோஸை நெரிக்கக் கிளம்ப வேண்டாம். ரேஸ் ஏறினால் முதலில் பார்க்க வேண்டியது ரேடியேட்டர் தண்ணீர். இதை யாருமே சொல்வதில்லை.

என்னுடையது முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி. சிக்னலில் நின்றால் முள் 1000-க்கும் 2000-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மேல்மூச்சு வாங்குகிற ஆளுக்குப் பக்கத்தில் நிற்பது போலவே இருக்கும். ஐந்து ரோடு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, "ஏன் சார் ரேஸ் குடுத்துட்டே நிக்கிறீங்க?" என்று கோபப்பட்டார். நான் காலை எடுத்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

ரேடியேட்டரில் ஊசிமுனை அளவு ஒழுக்கு. தண்ணீர் குறைந்து உள்ளே காற்று கோர்த்திருந்தது. இந்த மாதிரிப் பழைய இன்ஜின்களில் குளிர்ச்சியாக இருக்கும்போது கூடுதல் காற்று விட, மெழுகு வைத்த ஒரு வால்வு உண்டு. சுடுதண்ணீர் பட்டால் மெழுகு விரிந்து வால்வு மூடும். தண்ணீர் அங்கே வரவில்லை என்றால் அது திறந்தே கிடக்கும். ரேஸ் ஏறும், ஆக்சிலேட்டரில் கால் இல்லை என்பதால் கம்ப்யூட்டர் பெட்ரோலை வெட்டும், இறங்கும், மறுபடி ஏறும். ஒழுக்கை அடைத்து, கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றினோம். வேறு ஒரு சாமானும் மாற்றவில்லை.

எஸ்டீம்2003, மதுரை

சார், தண்ணீர் முதல் நாளே பார்த்தாயிற்று. ஏறி ஏறி இறங்குவது வேறு, ஏறினது ஏறினபடி நிற்பது வேறு. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் சொல்லாதீர்கள். 'உஸ்ஸ்' சத்தம் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே?

வடமராட்சியான்

நான் எழுதுவது தொண்ணூறுகளில் நடந்தது. பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணில் காண்பதே அரிது. கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எங்கள் அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 இருந்தது. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் (முன்கூட்டித் தானாகப் பற்றாமல் தாங்கும் தன்மை) குறைவு என்பதால் கொஞ்சம் பாரம் ஏறினாலே 'கட கட' என்று அடிக்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அப்பா காலைத் தளர்த்துவார்.

ஓர் இரவு அம்மாவுக்கு முடியாமல் மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வாசலில் நிறுத்தி அப்பா சாவியைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டார். எஞ்சின் நிற்கவில்லை. உள்ளே இருந்த சூட்டிலேயே எண்ணெய் பற்றி, 'டக் டக்' என்று குலுங்கிக் குலுங்கி ஓடியது. அம்மா இறங்கப் பயந்து கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்பா மறுபடி ஏறி, பிரேக்கை அழுத்திப் பிடித்து, ரொப் கியரில், அதாவது கடைசிக் கியரில் போட்டுக் கிளச்சை விட்டார். ஒரே குலுக்கலில் நின்றது. இன்றைக்கும் எந்தக் காரையாவது ஓஃப் பண்ணிய பிறகு எஞ்சின் ஒரு சுற்று கூடச் சுற்றினால் எனக்கு நெஞ்சு இடிக்கும்.

இன்னொன்று. ஒயில் குறைகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், கூடுகிறதா என்றும் பாருங்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்து மட்டம் ஏறும், ஒயில் தண்ணீராகிவிடும். எங்கள் காரின் பேரிங் அப்படித்தான் போனது. பெற்றோலில் ஓடும் பழைய காரிலும் பெற்றோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் இதே கதைதான். டிப் ஸ்ரிக்கை மணந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

மலைரோடு_டிரைவர்

யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியதைப் படித்ததும் கை நடுங்கியது. எனக்கு இது டீசலில் நடந்தது. ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவு ரோடு. பழைய டர்போ ஜீப். ஒரு வளைவில் கிளட்சை மிதித்ததும் ரேஸ் தானாக ஏறியது. காலை எடுத்துவிட்டேன், இன்னும் ஏறுகிறது. ஓரம் கட்டி, நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. இன்ஜின் அலறுகிறது, பின்னால் ரோடே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவின் ஆயில் சீல் போய், இன்ஜின் தன் ஆயிலையே குடித்து எரித்துக்கொண்டிருந்தது. டீசல் வருவதைச் சாவி நிறுத்தும். ஆயில் வருவதை அது எப்படி நிறுத்தும்?

பின்னால் வந்த லாரியிலிருந்து ஒரு பெரியவர் குதித்து ஓடி வந்தார். "இறங்காத தம்பி! நாலாவது கியர் போடு! பிரேக்க விடாத! கிளட்ச்ச விடு!" ஜீப் ஒரு துள்ளு துள்ளி, செத்தது. பானெட்டைத் திறந்து கையை உள்ளே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்புறம் அவரே சொன்னார். அலறுகிற இன்ஜின் எந்த நொடியும் வெடித்துச் சிதறலாம். பெயர் கேட்பதற்குள் லாரி கிளம்பிவிட்டது.

ஓய்வு_இன்ஜினியர்

என் அனுபவம் சின்னது. வண்டி 80-இல் போக, மிதித்தால் ரேஸ் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. இன்ஜின் கோளாறு என்றார்கள், கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தது.

ஆனால் சத்தத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் எழுதுகிறேன். முதலில் சத்தத்தின் தாளத்தைக் கேளுங்கள். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கின் வேகத்தில் பாதியில் சுற்றுவது. ஆகவே வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தம் மெல்லிய 'டிக் டிக்'காக, பாதி வேகத்தில் வரும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் போயிருந்தால் கிராங்க் வேகத்திலேயே கனத்த 'டொக் டொக்'. பாரம் கொடுத்தால் கூடும். இந்த இரண்டாவது சத்தத்தோடு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே அணைத்துவிடுங்கள், பட்டறை வரை ஓட்டிப் போகலாம் என்று நினைக்காதீர்கள்.

காலையில் மட்டும் 'டிக் டிக்' வந்து சூடானதும் மறைந்தால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டைப் பாருங்கள். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்ளும். கிறீச் சத்தம் என்றால் பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சத்தம் மாறினால் பெல்ட்தான். நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாகத் தொட்டால் எந்த பேரிங் என்று தெரியும். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் விலகி நில்லுங்கள், தொங்குகிற துண்டு, சங்கிலி கூடாது. ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி ஓடவிட்டுப் பார்த்தால் எந்த சிலிண்டரில் அடிக்கிறது என்பதும் தெரியும். ராட் சத்தம் என்றால் அந்த ஒயரைக் கழற்றியதும் குறையும். வேக்கம் கசிவு (வேண்டாத காற்று உள்ளே புகும் இடம்) தேட பெட்ரோலைப் பீய்ச்சுகிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும்.

ஜென்_ஆலந்தூர்

இன்ஜினியர் சார், ஒயர் கழற்றுகிற யோசனை கார்ப்பரேட்டர் வண்டிக்குச் சரி. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிற வண்டியில் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் அதைச் சுட்டுப் பாழாக்கும். இக்னிஷன் காயிலும் அடிபடலாம். அப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர் இணைப்பையும் கழற்றிவிட்டு, சில நொடிகள் மட்டும் பாருங்கள்.

என் கதை கத்திப்பாரா மேம்பாலத்தில் நடந்தது. மாருதி ஜென், சாயங்கால நெரிசல். காலை எடுத்த பிறகும் ரேஸ் இறங்கவில்லை, வண்டி முன்னால் இழுக்கிறது, முன்னால் பைக்கில் ஒரு குழந்தை பின்னால் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதித்து, சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பி அணைத்தேன். முழுக்கத் திருப்பி எடுத்திருந்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் மறக்கவில்லை.

பட்டறையில் என்னிடம் பேசாமல் என் தம்பியிடம்தான் பேசினார்கள். "மேடம் கால் தவறி மிதிச்சிருப்பாங்க" என்று அவனிடம் சொன்னார்கள். நானே டார்ச் அடித்து பெடலுக்கு மேலே பார்த்தேன். ஆக்சிலேட்டர் கேபிளின் இழைகள் பிரிந்து உறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. பானெட் பக்கத்து முனை புதிது போல இருந்ததால் அதோடு விட்டுவிட்டார்கள். பெடல் பக்கத்து முனையை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பட்டறை_ஈரோடு

நான் மெக்கானிக். ஒரு பழைய டாக்ஸிக்காரர் அம்பாசடரைக் கொண்டு வந்தார். ஐட்லிங்கில் 'டொக் டொக்'. மூன்று இடத்தில் கிராங்க் பேரிங் போச்சு என்று சொல்லியாகிவிட்டது. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். "செலவு என்னன்னு மட்டும் சொல்லு தம்பி, அதிகமா இருந்தா எடைக்குப் போட்டுடறேன்" என்றார். ஆயில் பிரஷர் பார்த்தேன், நன்றாக இருந்தது. பேரிங் போன வண்டிக்கு அவ்வளவு பிரஷர் நிற்காது. இன்ஜினை அணைத்து, கீழே கிராங்க் புல்லியைப் பிடித்து ஆட்டினேன். ஆடியது. நடு போல்ட் லூஸ். புல்லி ஆடி ஆடி அடிக்கிற சத்தம் வெளியிலிருந்து கேட்டால் பேரிங் சத்தம் மாதிரியேதான் இருக்கும். புல்லியைக் கிராங்கோடு பிணைக்கும் சாவிக்கட்டையை மாற்றி, போல்ட்டை முறுக்கி ஸ்டார்ட் செய்தேன். சத்தம் இல்லை.

பெரியவர் சிரிக்கவில்லை. பானெட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "போன வண்டியும் இதே சத்தம்தான் போட்டுச்சு, எடைக்குப் போட்டுட்டேன். அதுவும் இதுதானா தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது 'டொக் டொக்' என்று எந்த வண்டி வந்தாலும் புல்லியைக் கையால் ஆட்டிப் பார்த்து, பிரஷர் மீட்டர் மாட்டி, இன்ஜின் மவுன்டிங்கைப் பார்த்த பிறகுதான் இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்பைக் கழற்றுவேன். உங்கள் மெக்கானிக்கிடமும் இந்த மூன்றையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு பட்டறை பாருங்கள்.