கட்டிலை இழுத்தப்பதான் தெரிஞ்சது: வீட்டுச் சுவர்ப் பூஞ்சை, உங்க அனுபவம்?

தரைத்தளவாசி, வேளச்சேரி:

2023-ல மிக்ஜாம் புயல் அப்போ எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. அந்த டிசம்பர் 4-ஐப் பத்தி வேளச்சேரிக்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். வடிஞ்சதும் கழுவினோம், ஃபேன் போட்டோம். பொங்கலுக்கு முன்னாடி ஓனரே ஆள் விட்டு பெயிண்ட் அடிச்சுக் கொடுத்தார். நல்ல மனுஷன்னு நானே பார்க்கிறவங்ககிட்டல்லாம் சொன்னேன்.

மார்ச்ல இருந்து பொண்ணுக்கு ராத்திரியானா இருமல். சிரப், நெபுலைசர், மறுபடி சிரப். மே லீவுக்குத் திருச்சி, அம்மா வீடு. நாலாம் நாள் இருமலைக் காணோம். சென்னை திரும்பின ரெண்டாவது ராத்திரி மணி ஒண்ணுக்கு ஆரம்பிச்சா. ஊர்த் தண்ணி மாறினதுதான்னு நினைச்சேன்.

அப்புறம் ஒருநாள் கம்மல் திருகாணி கட்டிலுக்குப் பின்னாடி விழுந்துடுச்சு. எடுக்கலாம்னு கட்டிலை இழுத்தா, தலைமாட்டுச் சுவர்ல பெயிண்ட் பூரி மாதிரி உப்பி நிக்குது. விரலை வச்சேன், பொத்துனு உள்ள போச்சு. உள்ளே கறுப்பா, வெல்வெட் துணியை ஒட்டி வச்ச மாதிரி. கட்டில் பலகையோட பின்பக்கமும் அதே. அந்தப் பலகைக்கும் படுத்திருக்கிற பொண்ணு மூக்குக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை.

சுவர்கூடப் போகட்டும். அந்த வாசனைதான் மனசை விட்டுப் போகலை. ஈரச் சாக்கு வாசனை. அந்த ரூமுக்குள்ள நுழையும்போதெல்லாம் வந்துட்டுதான் இருந்தது. நான் என்ன பண்ணேன் தெரியுமா, ஊதுபத்தி ஏத்தி வச்சேன்.

திருகாணி இன்னும் கிடைக்கலை.

கொத்தனார் மகன்:

அது பூஞ்சையா, உப்பு பூத்ததா? ஏன் கேக்குறேன்னா, எங்க பெரியம்மா வீட்டுச் சுவர்ல வெள்ளையா பஞ்சு மாதிரி வந்துச்சு. பூஞ்சைன்னு சொல்லி ஒருத்தன் மருந்து பெயிண்ட் ரெண்டு கோட் அடிச்சுக் காசு வாங்கிட்டுப் போயிட்டான். ஒரே மாசத்துல திரும்ப வெள்ளை. பெரியம்மா விரல்ல தொட்டு நாக்குல வச்சுட்டு "உப்புடா மடையா"ன்னாங்க. நீங்க யாரும் நாக்குல வைக்காதீங்க. கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்க. உப்புன்னா கரைஞ்சு போயிடும். பூஞ்சை கரையாது, தேய்ச்சா ஈஷிக்கும்.

அடுத்தது, ஈரம் எங்கேயிருந்து வருதுன்னு பார்க்கணும். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டி ஒரு நாள் விடுங்க. ஷீட்டோட சுவர்ப் பக்கம் வேர்த்திருந்தா சுவருக்குள்ளயே தண்ணி இருக்கு. ரூம் பக்கம் வேர்த்திருந்தா காத்துல ஈரம், எக்ஸாஸ்ட் ஃபேனும் சன்னலும் பார்த்துக்கும். அந்தச் சுவருக்கு மறுபக்கம் பாத்ரூமா? அப்படின்னா வெள்ளம் மட்டும் காரணம்னு முடிவு பண்ணிடாதீங்க. டைல்ஸ் இடுக்கு, சங்கன் ஸ்லாப்புக்குள்ள, அதாவது பாத்ரூம் தரைக்கு அடியில பள்ளமா விட்ட இடத்துல, பைப் ஜாயின்ட், எல்லாம் பார்க்கணும். பூச்சைத் தட்டிப் பாருங்க. டொக் டொக்னு வெத்துச் சத்தம் வந்தா அந்த இடத்தைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, நல்லா காயவிட்டுத்தான் மறுபூச்சு. ஈரச் சுவர்ல புட்டி வச்சு பெயிண்ட் அடிச்சா கொதிக்கிற பானைக்கு மூடி போட்ட மாதிரிதான், எங்கயாவது தூக்கிடும். வெள்ளம் வந்தா 24 மணி நேரத்துல, மிஞ்சிப்போனா 48-ல காய வைக்கணும்பாங்க. நம்ம ஊர்ல கரண்ட் வரவே அவ்வளவு நாளாகுது, அது வேற கதை. அமெரிக்காவுல அவங்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கணக்கு வச்சிருக்கு: 10 சதுர அடிக்குக் கீழேன்னா வீட்டுக்காரரே சுத்தம் பண்ணிக்கலாம், அதைத் தாண்டினா யோசிச்சுச் செய்யணும். கட்டில் தலைமாடு முழுக்கன்னா நீங்க தாண்டிட்டீங்க.

ராஜி, அம்பத்தூர்:

கறுப்பா இருந்தா பேசிட்டே இருக்காதீங்க, உடனே வீட்டைக் காலி பண்ணுங்க!! 2021-ல கருப்புப் பூஞ்சை வந்து கண்ணையே எடுத்தாங்களே, மறந்துட்டீங்களா? எங்க பாத்ரூம்லயும் ஓரத்துல கறுப்பா இருக்கு, நான் ஒரு வாரமா அதுக்குள்ள போறதே இல்லை. பச்சைன்னா பரவாயில்லை.

நைட் டியூட்டி நர்ஸ்:

ராஜி, தயவுசெய்து குளிங்க. 2021-ல வந்தது மியூகார் வகைப் பூஞ்சை. கட்டுப்படாத சர்க்கரை, கோவிடுக்குக் கொடுத்த ஸ்டீராய்டு, ரெண்டும் சேர்ந்தவங்களைத்தான் அதிகம் பிடிச்சது. செத்துப்போன சதை கறுத்ததால வந்த பேரு அது. பாத்ரூம் ஓரத்துக் கறுப்பு வேற. நிறத்தை வச்சு எது மோசம்னு சொல்லவே முடியாது. பச்சைன்னா பரவாயில்லைன்னு யார் சொன்னது?

நான் பயந்தது வேற விஷயத்துக்கு. என் கொழுந்தனாருக்குச் சின்ன வயசுல இருந்தே ஆஸ்துமா. ஒரு வருஷத்துல இன்ஹேலர் டோஸ் ஏறிட்டே போச்சு. தூசி, டிராஃபிக்னு காரணம் சொல்லிட்டிருந்தோம். ஒருநாள் காலையில வாஷ்பேசின்ல இருமித் துப்பினார், புளியங்கொட்டைத் தோல் மாதிரி பழுப்பா, கெட்டியா ஒரு துண்டு. பத்து வருஷமா நர்ஸா இருக்கேன், அதைப் பார்த்துட்டு ஒரு நிமிஷம் குழாயைத் திறக்கத் தோணலை. நெஞ்சு டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "வீட்டுல ஓதம் இருக்கா?"ன்னுதான். ரத்தத்துல ஐஜிஇ, அதாவது அலர்ஜியில ஏறுற அளவு, எகிறியிருந்தது. ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு நுரையீரல் காட்டுற அலர்ஜி. ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கிறவங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். பாத்ரூம் சுவரை ஒட்டி வச்சிருந்த அவர் துணி அலமாரியைத் திறந்து பார்த்தோம். உள்பக்கம் முழுக்கப் பச்சைதான், ராஜி.

வேளச்சேரி சிஸ்டர், திருச்சியில நின்னு இங்கே திரும்ப வந்த இருமலை டாக்டர்கிட்ட தேதியோட சொல்லுங்க. "அடிக்கடி சளி"ன்னு பொதுவா சொல்லாதீங்க.

வடமராட்சி - ஹரோ:

எங்கட பக்கம் பூஞ்சணம் எண்டுதான் சொல்லுறனாங்கள். இஞ்ச லண்டனில வெள்ளமும் இல்லை, ஒழுக்கும் இல்லை. மாரியில யன்னல் முழுக்கப் பூட்டி, ஹீட்டருக்கு மேல உடுப்புக் காயப்போட்டு, உள்ளுக்கயே சமைச்சு, வாற ஆவி எல்லாம் குளிர்ச் சுவரில போய் வேர்க்கும். ஏஜென்ட் வந்து ஒரு பார்வை பார்த்திட்டு, நீங்கள் சமைக்கிற விதம்தான் காரணம் எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான். நான் ஒண்டும் கதைக்கேல்லை. அண்டைக்குக் கதைச்சிருக்க வேணும்.

இங்கிலாந்தில ரோச்டேல் எண்ட ஊரில அவாப் இஷாக் எண்ட ரெண்டு வயசுப் பிள்ளை 2020 டிசம்பரில செத்தது. வீட்டுப் பூஞ்சணத்தாலதான் எண்டு 2022-இல விசாரணையில முடிவாச்சுது. பிறகு அந்தப் பிள்ளையின்ர பேரிலயே சட்டம் வந்து, 2025 ஒக்டோபரில இருந்து சோஷல் ஹவுசிங், அதாவது கவுன்சில் மாதிரி அமைப்புகள் குறைஞ்ச வாடகைக்குக் குடுக்கிற வீடுகளுக்கு நடைமுறை. பெரிய ஆபத்தெண்டு சொன்னால் 10 வேலை நாளுக்குள்ள வந்து பாக்க வேணும், அவசரம் எண்டால் 24 மணித்தியாலம். நாங்கள் தனியார் வாடகை, எங்களுக்கு அது இப்ப இல்லை.

அலுமாரிக்குள்ள மடிச்சு வச்ச என்ர கூறைச்சேலையை விரிச்சுப் பாத்தன். சரிகைக் கரை முழுக்கச் சாம்பல் பொட்டு. அம்மா வாங்கித் தந்தது. அவ இப்ப இல்லை.

சீனி, சேலையூர்:

பிளீச்சிங் பவுடர் கரைச்சுத் தேய்ச்சேன், போகலை. சரின்னு அது மேலயே டாய்லெட் ஆசிட்டையும் ஊத்தினேன். அவ்வளவுதான், குளோரின் வாயு. கண்ணு, தொண்டை எல்லாம் எரிஞ்சு மொட்டை மாடிக்கு ஓடினேன். கீழே என் மனைவி குழந்தையைத் தூக்கிட்டுத் தெருவுல நிக்கிறா. பூஞ்சை அப்படியே இருந்தது.

தரைத்தளவாசி, வேளச்சேரி:

கொத்தனார் மகன், ஷீட் ஒட்டினேன். சுவர்ப் பக்கம்தான் வேர்த்தது. மறுபக்கம் பாத்ரூமேதான். தண்ணி தெளிச்சும் பார்த்தேன், கரையலை. டாக்டர்கிட்ட திருச்சித் தேதியெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கோம். பொண்ணு இப்போ ஹால்ல படுக்கிறா, இருமல் குறைஞ்சிருக்கு, நிக்கலை. தலையணையையும் மெத்தையையும் தூக்கிப் போட்டுட்டேன்.

ஓனர் வந்தார். "மெட்ராஸ்ல எந்த வீட்டுலம்மா ஓதம் இல்லை?"ன்னார். சொல்லிட்டே சுவர்ல கை வச்சார். வச்ச கையை எடுத்துப் பார்த்தார், வேட்டியில துடைக்கப் போனவர் துடைக்காம நேரே குழாய்க்குப் போனார். அதுக்கப்புறம் அட்வான்ஸைப் பத்தி அவரே பேச ஆரம்பிச்சார்.

நேத்து மடிப்பாக்கத்துல ஒரு வீடு பார்த்தோம், முதல் மாடி. நான் நேரே பெட்ரூம் அலமாரியைத் திறந்து தலையை உள்ள விட்டேன். "என்னம்மா, பூனை மாதிரி மோப்பம் பிடிக்கிறீங்க?"ன்னு புரோக்கர் சிரிக்கிறார். புது பெயிண்ட் வாசனை மட்டும்தான் வந்தது. அதனாலயே இன்னும் டோக்கன் கொடுக்கலை.