தன்னைக் கண்டடையும் பெண்ணின் கதை: 'நான்' என்று அவளே சொல்ல வேண்டுமா?

மைக்கூடு:
ஒரு பெண் தன்னைக் கண்டடைவதுதான் நாவலின் பொருள் என்றால், அதைத் தன்மைக் கூற்றில் அவளே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. படர்க்கையில் எழுதினால் கதைசொல்லி அவள் தலைக்கு மேல் உட்கார்ந்து, அவளுக்குத் தெரியும் முன்பே எல்லாம் தெரிந்தவராகிவிடுகிறார். 'ஜேன் அயர்' (1847) நாவலில் நாயகனின் முதல் மனைவி பெர்த்தா மாடியறையில் பூட்டிவைக்கப்பட்ட பைத்தியம், அவ்வளவுதான். 1966இல் ஜீன் ரீஸ் 'வைட் சர்காஸோ ஸீ'யில் அவளுக்கு 'நான்' கொடுத்தார். அந்த நாவலில் பெர்த்தா என்பது கணவன் சூட்டிய பெயர், அவள் சொந்தப் பெயர் அந்துவானெத்.

எதிர்க்காற்று:
நல்ல உதாரணம், ஆனால் உங்களுக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது. அந்த நாவல் மூன்று பாகம். ஆக நீளமான நடுப்பாகத்தின் பெரும்பகுதி கணவன் வாயில்தான் இருக்கிறது. பெயர் பறிபோவதும் அங்கேதான். பறிக்கிறவனே அதை நியாயம் போலச் சொல்லிக்கொண்டு போவதால்தான் நமக்குப் பதறுகிறது. அவள் வாயில் வந்திருந்தால் வெறும் புகாராக நின்றிருக்கும். போதாததற்கு, அந்தக் கணவனுக்கு நூல் முழுக்கப் பெயரே கிடையாது. பெயர் வைப்பவனுக்குப் பெயர் இல்லை!

கொரிய எழுத்தாளர் ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' (2007) இன்னும் ஒரு படி மேலே. அதுவும் மூன்று பாகம்: கணவன் தன்மையில் சொல்கிறான், அடுத்த இரண்டும் படர்க்கையில் அக்காள் கணவர் பார்வையிலும் அக்காள் பார்வையிலும் நகர்கின்றன. நாயகியின் குரல் முதல் பாகத்தில் கனவுத் துண்டுகளாக மட்டும் வருகிறது. மூன்று பேரும் அவளைத் தவறாகப் படிக்கிறார்கள், அந்தத் தவறுகளுக்கு நடுவில் விழும் இடைவெளிதான் அவள்.

எதிர்ப்பக்கம் 'ரெபெக்கா'வைப் பாருங்கள் (1938). முதல் வரியிலிருந்து 'நான்', ஆனாலும் அந்த 'நான்'க்குக் கடைசிவரை பெயர் இல்லை. கணவனின் செத்துப்போன முதல் மனைவியின் பெயர்தான் அட்டையில். தன்மைக் கூற்று அவளுக்கு என்ன கொடுத்தது?

மைக்கூடு:
ரெபெக்காவில் அந்தப் பெயரின்மை வலிப்பதே அவள் வாயால் கேட்பதால்தான். படர்க்கையில் எழுதினால் 'அந்த இளம் மனைவி' என்று வந்து போயிருக்கும், ஒருவருக்கும் உறைத்திருக்காது. ஹான் காங்கைப் பொறுத்தவரை, அது சுயத்தைக் கண்டடையும் கதையா, பிறர் கண்ணில் அது மறையும் கதையா என்பதே சந்தேகம்.

திருத்துகோல்:
இருவரும் கூற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். கைப்பிரதிகள் சாய்வது வேறு இடத்தில்.

பிரதியை எடுத்து, நாயகி எழுவாயாக வரும் வினைகளை இரண்டு நிறத்தில் கோடிடுங்கள். உணர்ந்தாள், புரிந்துகொண்டாள், நினைத்தாள் ஒரு நிறம். கேட்டாள், மறுத்தாள், கொடுத்தாள், பொய் சொன்னாள் இன்னொரு நிறம். முதல் நிறமே மண்டிக்கிடந்தால் அங்கே கண்டடைதல் நடக்கவில்லை, அறிவிக்கப்படுகிறது. கண்ணாடி முன் நின்று முகம் பார்ப்பது, மழை, ரயில் ஜன்னல் மூன்றும் இந்த நிறத்தின் நிரந்தர வாடிக்கையாளர்கள். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஞானம் திடீரென்று இறங்கினால், அதே ஆசை முன்னால் இரண்டு மூன்று இடங்களில் சின்ன அளவில் தோற்றிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருத்த வேண்டியது முன்பகுதியை. முடிவில் கை வைத்துப் பயனில்லை.

அடுத்தது, வீட்டைவிட்டுப் போகிற காட்சி. முதல் இரவு எங்கே படுப்பாள், கையில் எவ்வளவு இருக்கிறது? ஒரு பெண் எழுத வேண்டுமானால் ஆண்டுக்கு 500 பவுண்டும் உள்ளே பூட்டிக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் தொகையோடு சொன்னார். இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தில் (1879) நோரா கணவனைவிட்டுப் போகும்போது கதவைச் சாத்தியதைத்தான் எல்லோரும் நகலெடுக்கிறார்கள். அவள் அன்றிரவு தோழி வீட்டில் தங்கி மறுநாள் சொந்த ஊருக்குப் போவதாகச் சொல்வதை யாரும் கவனிப்பதில்லை. முதல் அங்கத்திலேயே, முந்தைய குளிர்காலத்தில் இரவெல்லாம் பிரதி எழுதிச் சம்பாதித்ததையும், அது ஆணாக இருப்பது போல இருந்ததையும் சொல்லிவிடுகிறாள். கதவு அங்கேயே திறந்துவிட்டது. நாடகமாக இருந்தாலும் நாவலுக்கும் இதே கணக்குதான்.

எதிர்க்காற்று:
அதே நாடகத்துக்கு ஜெர்மனியில் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மாட்டேன் என்று நடிகை மறுத்ததால், நோரா போகாமல் நின்றுவிடும் மாற்று முடிவை இப்சனே எழுதிக் கொடுக்க வேண்டிவந்தது. அவருக்கே அது பிடிக்கவில்லை. வாசலைத் தாண்டுவதுதான் சுயம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சி மாறியதும் முதல் அங்கத்துப் பிரதி எழுத்தெல்லாம் வெறும் தகவலாகிவிடுகிறது.

திருத்துகோல்:
ஒப்புக்கொள்கிறேன். கூற்று விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும்.

ஒன்று விகுதி. "அவர் வந்தார், அவள் காப்பி கொண்டுவந்தாள்." கணவனுக்கு 'ஆர்', மனைவிக்கு 'ஆள்'. படர்க்கையில் இது கதைசொல்லியின் தீர்ப்பு, கதை தொடங்கும் முன்பே கொடுத்தாயிற்று. தன்மையில் அவளுடைய பழக்கம், ஆகவே அவளால் உடைக்க முடியும். நூறு பக்கம் 'வந்தார்' என்றவள் ஓரிடத்தில் 'வந்தான்' என்றால் வேறு விளக்கமே தேவையில்லை. ஒரே இடத்தில் செய்யுங்கள், அடுத்த வரியில் அதைச் சுட்டிக்காட்டாதீர்கள். மெய்ப்புத் திருத்துபவருக்கு ஓரக்குறிப்பு எழுதி வையுங்கள், இல்லையென்றால் ஒருமை பன்மைப் பிழை என்று அடித்துவிடுவார்.

இன்னொன்று, வேண்டும், வேண்டாம், முடியாது, போதும். இவற்றில் திணை, பால், இடம் எதுவும் தெரியாது. "அவள் அடுப்பை அணைத்தாள். போதும். இனி முடியாது." படர்க்கையில் தொடங்கிய வரி 'என்று நினைத்தாள்' இல்லாமலே அவள் மனதுக்குள் போய்விட்டது. இங்கே பேசுவது யார், கதைசொல்லியா அவளா?

மைக்கூடு:
அவள்தான். அதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்! விகுதி உடைகிற இடம் தன்மையில்தான் கிடைக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எதிர்க்காற்று:
'போதும்' படர்க்கையில் கிடைத்ததே, அதை யார் கணக்கில் எழுதுவது? தவிர, விகுதியைக் கதைசொல்லியும் உடைக்கலாம். முதல் வரியிலிருந்தே அவளுக்கு 'வந்தார்' போட்டு எழுதிப் பாருங்கள். பத்தாம் பக்கத்துக்குள் அவர் மாமியாராகவோ தலைமையாசிரியையாகவோ தெரிய ஆரம்பித்தால், சிக்கல் கூற்றிலா நம் காதிலா என்று பிறகு பேசலாம்.