புதுப்பிப்பு: கணையக் கட்டியில் ஊசி போட்ட பிறகு கருப்பு மலம், காரணம் தெரிந்தது

அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்டு (வாய் வழியாக விடும் குழாயின் நுனியில் ஸ்கேன் கருவி) வழியாகக் கணைய நீர்க்கட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்தபிறகு மலம் தார் மாதிரி போகிறது, சாதாரண எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மலம் கருப்பானதற்குக் காரணம் இரும்புச்சத்து மாத்திரையாக இருக்கலாம் என்றது நியாயமான யோசனைதான், ஆனால் ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே போனது, அதாவது எங்கோ ரத்தம் கசிகிறது. சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) கேளுங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. மண்ணீரல் தமனியில் போலி அனியூரிசம், அதாவது சுவர் சேதமாகிக் கசிந்த ரத்தம் அதை ஒட்டியே தேங்கி நிற்பது. அங்கிருந்து ரத்தம் கட்டிக்குள் இறங்கி, கணையக் குழாய் வழியாக அவ்வப்போது சிறுகுடலுக்கு வந்திருக்கிறது. கசியாத நேரத்தில் ஸ்கோப் போட்டால் எதுவும் தெரியாதாம். தொடை இடுக்கு வழியாகக் குழாய் விட்டு, ‘காயில்’ என்ற மெல்லிய உலோகச் சுருளை வைத்து அடைத்தார்கள், ஆபரேஷன் தேவைப்படவில்லை.

எதிர்பாராதது என்னவென்றால், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையை டாக்டர் சொன்னபடி முன்கூட்டியே நிறுத்தியிருந்தும் இது வந்தது. ஊசி போடாமல் பார்ப்பதோடு முடிந்தால் ரத்தக்கசிவு மிக மிக அரிது, ஊசி போட்டாலும் பெரிய கசிவு நூற்றில் ஒருவருக்கும் குறைவுதான், அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது ஹீமோகுளோபின் ஏறிவருகிறது. அப்புறம், கட்டி நீர் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது, புற்றுநோய் செல் இல்லை.